செல்போனும் நம் பிள்ளைகளின் படிப்பும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் குடும்பத்தோடு கூடிய கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



பஞ்சப்படி, போனஸ், நடவுக் கூலி என்று பேசிப் பழகிய மேடை இது. இந்த மேடையில் இன்று பள்ளிப் பிள்ளைகளையும் செல்போனையும் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சில தோழர்கள் சிரித்தார்கள். "அது வாத்தியார் பாடு, நமக்கென்ன?" என்று ஒரு தோழர் கேட்டார். நமக்கென்ன என்று கேட்கிற தோழரின் வீட்டில் நேற்று ராத்திரி போனுக்காக என்ன சண்டை நடந்தது என்று அவர் மனைவியைக் கேட்டால் தெரியும். (சிரிப்பு.)

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இங்கே உட்கார்ந்திருக்கும் வீடுகளில் பல அப்படித்தான். புருஷன் பஞ்சாலையில் அரைநைட் ஷிப்டு. மனைவி களையெடுக்கப் போகிறாள். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு, இளையவன் ஆறாம் வகுப்பு. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் தவணையில் வாங்கியது. மாலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வருகிறது. போன் எங்கே? தகப்பனிடம். தகப்பன் எங்கே? மில்லில். நடுநிசியில் அவர் வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். மறுநாள் வீட்டுப்பாடம் எழுதாமல் போன பெண் வகுப்பில் எழுந்து நிற்கிறாள். பொறுப்பில்லாத பிள்ளை என்று பெயர் வாங்குகிறாள்.

யாருக்குப் பொறுப்பில்லை, தோழர்களே?

மாணவர்கள் செல்போனைப் பொறுப்போடு உபயோகிக்க வேண்டும் என்று இன்று எல்லோரும் உபதேசம் செய்கிறார்கள். மந்திரி சொல்கிறார், அதிகாரி சொல்கிறார், அந்தப் போனை விற்கிற கம்பெனியே சொல்கிறது. நல்ல வார்த்தைதான். ஆனால் பொறுப்பு என்பது பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் மட்டும் ஏற்றிவைக்கிற சுமை அல்ல. கருவியைச் செய்து விற்பவனுக்கு ஒரு பங்கு உண்டு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பங்கு, சர்க்காருக்கு ஒரு பங்கு, பெற்றவர்களாகிய நமக்கும் ஒரு பங்கு. அந்தப் பங்கு பிரிக்கும் கணக்கைத்தான் இன்று பார்க்க வேண்டும்.

முதலில் வகுப்பறை. பாடம் நடக்கும் நேரத்தில் பிள்ளையின் கையில் போன் இருக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்று நூற்பில் வேலை செய்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரிங் பிரேமில் சைடு பார்க்கிறவர் கண்ணை எடுத்தால் என்ன ஆகும்? இங்கே ஒரு நூல் அறும். அதை ஒட்டுவதற்குள் அங்கே நாலு நூல் அறும். படிப்பும் அப்படித்தான். கணக்கு வாத்தியார் பலகையில் மூன்றாவது வரி எழுதும்போது பையன் மேஜைக்கடியில் ஒரு நிமிஷம் போனைப் பார்க்கிறான். நிமிர்ந்தால் பலகையில் ஆறாவது வரி. மில்லில் அறுந்த நூல் கண்ணுக்குத் தெரிகிறது. பையன் தலைக்குள் அறுந்த நூல் வாத்தியாருக்கும் தெரியாது, அவனுக்கே கூடத் தெரியாது. பரீட்சைத் தாள் கைக்கு வரும்போதுதான் தெரியும். ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமான யுனெஸ்கோ 2023ல் இது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒருமுறை கவனம் சிதறிய மாணவன் மறுபடி பாடத்தில் நிலைகொள்ள 20 நிமிஷம் வரைகூட ஆகலாம் என்று அதில் இருக்கிறது. ஒரு பீரியடே நாற்பது, நாற்பத்தைந்து நிமிஷம்தானே!

இந்த நஷ்டம் எல்லோருக்கும் ஒரே அளவா? அதையும் பார்த்திருக்கிறார்கள். லண்டன், பர்மிங்ஹாம், மான்செஸ்டர், லெஸ்டர் ஆகிய நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்த இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2015ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். போனுக்குத் தடைபோட்ட பள்ளிகளில் பரீட்சை மதிப்பெண் கூடியிருந்தது. யாருக்குக் கூடியது? ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு வித்தியாசமே இல்லை. பின்தங்கி நின்ற பிள்ளைகளுக்குத்தான் கூடியது. எனக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வகுப்பில் தவறவிட்டதை மாலையில் டியூஷனில் பிடித்துக்கொள்ளும். வீட்டில் சொல்லிக்கொடுக்கப் படித்த தாய் தகப்பன் இருக்கிறார்கள். நம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைப்பதுதான் கிடைப்பது. அந்த நாற்பது நிமிஷத்தை விட்டால் வேறு நாற்பது நிமிஷம் அதற்குக் கிடையாது.

ஆனால் தடை ஒன்றே மருந்து என்றும் நினைத்துவிடக் கூடாது. ஸ்வீடனில் பிறகு இதே மாதிரி ஆராய்ந்தவர்கள் அப்படிப்பட்ட உயர்வு எதையும் காணவில்லை. 2025ல் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையார் முப்பது பள்ளிகளில் பார்த்ததும் இன்னொரு விஷயம் தெரிந்தது. பள்ளியில் போனைப் பூட்டிவைத்ததால் மட்டும் பிள்ளைகளின் மனநிலை தேறிவிடவில்லை. தடை இருந்த பள்ளிகளிலும் பிள்ளைகள் போன் பார்க்கும் மொத்த நேரம் குறைந்துவிடவில்லை. நாள் முழுதும் சேர்த்து எத்தனை நேரம் என்பதுதான் தூக்கத்தோடும் மனசோடும் சம்பந்தப்பட்டிருந்தது. ஆகவே வாத்தியார் காலை ஒன்பது மணிக்குப் பிடுங்கி வைப்பதோடு காரியம் முடியவில்லை. ராத்திரி ஒன்பது மணி நம் கையில் இருக்கிறது.

ஏன் ஒரு பிள்ளையால் அதைக் கீழே வைக்க முடியவில்லை? புத்தி கெட்ட தலைமுறை என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. கீழே வைக்க முடியாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்கு வணக்கம் உண்டு. இந்தத் திரையில் விரலைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறதே, அதற்கு அடி என்பதே இல்லை. அடியில்லாமல் செய்தவர்கள் தெரிந்துதான் செய்தார்கள். பேஸ்புக் கம்பெனியின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர் 2017ல் பகிரங்கமாகவே சொன்னார்: ஜனங்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு அதிகமாக விழுங்கலாம் என்பதுதான் ஆரம்பத்தில் எங்கள் யோசனை, மனித மனத்தின் பலவீனத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டோம் என்று. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் வைத்திருக்கும் மெட்டா கம்பெனிக்கு 2024ல் வந்த வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் விளம்பரக் காசு. போனை நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு நிமிஷமும் அங்கே காசாகிறது. நீங்கள் எட்டு மணி நேரம் மில்லில் உழைத்துவிட்டு வந்து, வீட்டில் இன்னும் இரண்டு மணி நேரம் கூலியில்லாமல் அவனுக்கு உழைக்கிறீர்கள். உங்கள் பிள்ளை நாலு மணி நேரம் உழைக்கிறது.

செய்தவன் தன் பிள்ளைக்கு என்ன கொடுத்தான் என்று பாருங்கள். ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபேடை உலகமெல்லாம் விற்றுக்கொண்டிருந்த 2010ம் ஆண்டில், உங்கள் பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறதா என்று ஒரு நிருபர் கேட்டபோது, அவர்கள் அதைத் தொட்டதே இல்லை, வீட்டில் இதற்கெல்லாம் அளவு வைத்திருக்கிறோம் என்றார். கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் பெரிய உத்தியோகஸ்தர்கள் பலர், சின்ன வகுப்புகளில் கம்ப்யூட்டரே வைக்காத பள்ளிக்கூடத்தைத் தேடித் தங்கள் பிள்ளைகளைச் சேர்த்த செய்தி 2011ல் அமெரிக்கப் பத்திரிகையிலேயே வந்தது. மிட்டாய் கடைக்காரன் தன் பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதில்லை!

அப்படியானால் போனை வாங்கி அடுப்பில் போட்டுவிடலாமா? "ஆமாம், போடுங்கள்" என்று அங்கே ஒரு தாய் சொல்கிறார். (சிரிப்பு.) அம்மா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும்.

2020 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புக்குக் கீழே இருந்த பிள்ளைகள் மறுபடி பள்ளிப் படியேறியது 2021 நவம்பரில்தான். ஒன்றரை வருஷத்துக்கு மேல். போன் இருந்த வீட்டுப் பிள்ளை ஏதோ கொஞ்சம் படித்தது. போன் இல்லாத வீட்டுப் பிள்ளை ஆடு மேய்த்தது, மில்லுக்கு வந்தது, கட்டட வேலைக்குப் போனது. அதில் சில பிள்ளைகள் திரும்பவே இல்லை, அவர்களை உங்களுக்கே தெரியும். பக்கத்துக் கேரளத்தில் 2020 ஜூன் 1ந் தேதி தொலைக்காட்சியிலும் போனிலும் வகுப்பு ஆரம்பித்த அன்றே, மலப்புறம் ஜில்லாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். கூலித் தொழிலாளியின் மகள். வீட்டு டி.வி. பழுதாகிக் கிடந்தது, நல்ல போன் இல்லை, வகுப்பைப் பார்க்க முடியவில்லை என்று மனம் உடைந்திருந்தாள் என்று தகப்பன் சொன்னார். அதற்குப் பிறகு கேரளத்தில் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் டி.வி. வைத்துப் பொதுவில் படிக்க ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்கு ஒன்று இல்லாவிட்டால் ஊருக்கு ஒன்று என்று செய்தது சரியான காரியம். அந்தப் பெண் போன பிறகு செய்ய வேண்டியதாயிற்று என்பதுதான் வேதனை.

ஆகவே யந்திரம் நமக்கு விரோதி அல்ல. பள்ளிப் பிள்ளைக்கு அது கிடைக்கவே கூடாது என்று சொன்னால், வசதியுள்ளவன் வீட்டில் அது எப்படியும் இருக்கும். இல்லாமல் போவது நம் பிள்ளைக்குத்தான்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்திய கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கேட்டு 2024ல் எடுத்த ஏசர் கணக்கில், போனை உபயோகிக்கத் தெரிந்த பையன்களில் நூற்றுக்கு 36 பேரிடம் சொந்தப் போன் இருந்தது. பெண்களில் நூற்றுக்கு 27 பேரிடம். பையன் கையில் போன் இருந்தால் "பிள்ளை விளையாடுகிறான்" என்கிறோம். பெண் கையில் இருந்தால் "யாரோடு பேசுகிறாய்?" என்று கேட்கிறோம். ஒரு நாள் தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி வருகிறது. அனுப்பியவன் எவனோ ஒரு போக்கிரி. தண்டனை யாருக்கு? போனைப் பிடுங்கு, பள்ளிக்கூடத்தை நிறுத்து, மாப்பிள்ளையைப் பார்! குற்றம் செய்தவன் அங்கே அடுத்த நம்பருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறான். குற்றம் செய்யாதவள் படிப்பை இழக்கிறாள். அடுத்த முறை அவளுக்கு ஓர் ஆபத்து வந்தால் அவள் தாயிடம் சொல்வாளா? சொல்ல மாட்டாள். சொன்னால் படிப்பு போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தை வைத்துத்தான் போக்கிரி மிரட்டுகிறான். "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்று அவன் மிரட்டும்போது, "சொல், எங்கள் வீட்டில் ஏற்கெனவே தெரியும்" என்று அவள் பதில் சொல்லும்படி நாம் இருந்தால் அவன் கதை அங்கேயே முடிந்தது.

2019ல் கேரள ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு நடந்தது. கல்லூரி விடுதியில் மாலையில் சில மணி நேரம் மாணவிகள் போன் உபயோகிக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். ஒரு மாணவி ஏற்க மறுத்தாள். விடுதியைவிட்டு வெளியே அனுப்பினார்கள். இன்டர்நெட்டை எட்டும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள் என்று ஹைகோர்ட் உத்தரவிட்டது. அவள் கல்லூரிப் பெண், வயது வந்தவள். பள்ளிப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். பெண்பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குவதுதான் ஒழுக்கம் என்ற நினைப்புக்கு அது விழுந்த நல்ல அடி என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, படிப்புக்கு அது எப்படி உதவும்? 2018 முதல் நம் அரசுப் பாடப் புத்தகங்களில் பாடத்தின் பக்கத்திலேயே கறுப்புக் கட்டமாக ஒரு படம் அச்சிட்டிருக்கிறார்கள். போனின் காமிராவைக் காட்டினால் அந்தப் பாடம் படமாக ஓடும். 2019ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023ல் மணற்கேணி என்ற செயலியைப் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்டது. விளக்கப் பாடங்கள் இருக்கின்றன, காசு கிடையாது. இதையெல்லாம் எத்தனை பேர் வீட்டில் திறந்து பார்த்திருக்கிறோம்? கை தூக்குங்கள் பார்க்கலாம். மூன்று பேர். (சிரிப்பு.) நான் சொன்ன அதே ஏசர் கணக்கில், போன் உபயோகிக்கத் தெரிந்த பிள்ளைகளில் முந்தின வாரம் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 57. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் வகையறாவுக்காகத் தொட்டவர்கள் நூற்றுக்கு 76. தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. மடையை யார் திறப்பது, எந்த வயலுக்குத் திறப்பது என்று நாம் நிற்கவில்லையானால் அது பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும்.

இரண்டு அபாயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று பணம். உங்கள் வங்கிக் கணக்கு கட்டப்பட்டிருக்கிற அதே போனைத்தான் பிள்ளை விளையாட்டுக்கு வாங்குகிறது. ரகசிய எண் அதற்குத் தெரியக் கூடாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் சட்டம் போட்டுத் தடுத்தது உண்மைதான். விளையாட்டுக்குள்ளே கத்தி வாங்கு, துப்பாக்கி வாங்கு என்று காசு கேட்பது நிற்கவில்லை, மோசடிக்காரனும் கடையை மூடவில்லை. பணம் போனால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும்.

இரண்டாவது படம். வகுப்பில் வாத்தியாரைத் திருட்டுத்தனமாகப் படம்பிடித்துக் கேலி செய்து அனுப்புகிறார்கள். கூடப் படிக்கிற பெண்ணின் படத்தை வெட்டி ஒட்டி அனுப்புகிறார்கள். "நான் எடுக்கவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்பது சமாதானம் ஆகாது என்று பையன்களிடம் தகப்பன்மார் உட்கார்ந்து சொல்ல வேண்டும். குழந்தைகளின் ஆபாசப் படத்தை அனுப்புவது மட்டுமல்ல, தெரிந்தே வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றம் என்று சுப்ரீம் கோர்ட் 2024 செப்டம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒரு விரல் தட்டில் ஒரு பெண்ணின் படிப்பும் போகிறது, அனுப்பியவன் எதிர்காலமும் போகிறது. பிள்ளைக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098. பிள்ளையே கூப்பிடலாம், காசு இல்லை.

இனி விதி. நம் அரசுப் பள்ளிகளில் மாணவர் போன் கொண்டுவரக் கூடாது என்பதுதான் பல வருஷமாகச் சொல்லிவருவது. பிரெஞ்சு தேசத்தில் 2018லேயே சட்டம் போட்டு, சின்ன வகுப்பிலிருந்து சுமார் பதினைந்து வயது வரை பள்ளிக்குள் போனைத் தடுத்தார்கள். ஆனால் பஸ் மாறிப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிற பெண்ணுக்கு ஒரு போன் வேண்டியிருக்கிறதே, என்ன செய்வது? இதற்கு எனக்குத் தெரிந்து நல்ல வழி காட்டியது 2025 பிப்ரவரியில் டில்லி ஹைகோர்ட் சொன்ன உத்தரவு. அடியோடு தடை என்பது விரும்பத்தக்கதும் அல்ல, நடக்கிற காரியமும் அல்ல என்றது கோர்ட். முடிந்த இடங்களில் பள்ளிக்கு வந்ததும் போனை ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளட்டும். வகுப்பில் கூடவே கூடாது. பொது இடங்களிலும் பள்ளி வண்டியிலும் படம்பிடிக்கக் கூடாது. பத்திரத்துக்காகவும் வீட்டோடு தொடர்புகொள்ளவும் இருக்கலாம், வேடிக்கைக்கு இல்லை. ஒழுங்காக உபயோகிப்பது எப்படி என்று பள்ளியே சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த விதியைப் பெற்றோர், ஆசிரியர், நிபுணர்களைக் கலந்துதான் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் கடைசி வாக்கியம்தான் நமக்கு முக்கியம்.

ஏனென்றால் கலந்துபேச நமக்கு இடம் இருக்கிறது. 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நம் மில் லைனிலும் சேரியிலும் இருக்கிற தாய்மார்கள் அதில் உறுப்பினராக இருக்கிறார்கள், கையெழுத்துப் போடுவதோடு சரி. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது நாலு விஷயம் கேளுங்கள் அம்மா. வீட்டுப்பாடம் பலகையிலும் நோட்டிலும் எழுதப்பட வேண்டும், போனில் மட்டும் அனுப்பிவிட்டு எழுதவில்லை என்று பிள்ளையை நிற்கவைக்கக் கூடாது. கொண்டுவருகிற போனைப் பூட்டிவைக்க ஒரு பெட்டியும், பொறுப்பாக ஓர் ஆசிரியரும் வேண்டும். பறித்த போனைத் திருப்பித் தரவே மாட்டோம் என்பது நியாயமில்லை, அது தவணை கட்டி முடியாத போன். பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறதென்றால் அது பூட்டிக் கிடக்கிறதா, வாரத்துக்கு எத்தனை நாள் எந்த வகுப்புக்குத் திறக்கிறார்கள் என்று கணக்குக் கேளுங்கள். மாலையில் வீட்டில் போன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஆசிரியர் மேற்பார்வையில் அதைத் திறந்துவைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

வாத்தியார்களோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அவர்கள் படும் பாடு பெரிய பாடு. நாற்பது பிள்ளையையும் மேய்த்து, கேட்கிற புள்ளிவிவரத்தையெல்லாம் அதே போனில் ஏற்றி அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள்தான். நாம் பக்கத்தில் நின்றால் அவர்களுக்கும் பலம்.

இன்னொன்று, கூட்டம் வேலை நாளில் பகலில் வைத்தால் களையெடுக்கப் போன தாய் எப்படி வருவாள்? கூலி போகுமே. ஆகவே முதலாவதாக, கூட்டத்தை நாம் வரக்கூடிய நேரத்துக்கு மாற்றித் தரும்படி தலைமையாசிரியரைப் பார்த்துக் கேட்க வேண்டும். நாளைக்குக் காலையில் நாலு தாய்மார்களும், அரைநைட் ஷிப்டுக்காரர்கள் இரண்டு பேரும் போவதாகப் பேசிவைத்திருக்கிறோம். அவர்கள் மத்தியானம்தான் மில்லுக்குப் போக வேண்டும். காலையில் கை சும்மாதான் இருக்கிறது. வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.